அடுப்பில் எல்லாமே ஏன் ஒரே சிவப்பு?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் என்றதும் ஓடிவிட வேண்டாம். சமன்பாடு ஒன்றுகூட வராது.

பணி ஓய்வுக்குப் பிறகு செவிலிமேட்டில் என் வீட்டுத் திண்ணையில் மாலை ஆறு மணிக்கு மேல் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். இது டியூஷன் இல்லை, கட்டணமும் இல்லை. ஒரே ஒரு விதிதான். நான் பாடம் நடத்த மாட்டேன். கேள்வி இருந்தால் வரலாம். "என்ன சார், கேள்வி இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுறீங்களாமே?" என்று கடைத்தெருவில் சிலர் கேலியாகக் கேட்கிறார்கள். ஆமாம், அனுப்பிவிடுகிறேன். ஏன் அப்படி என்று இன்று சொல்லிவிடுகிறேன். அதற்கு என் பழைய மாணவன் ஒருவனின் கதையையும், மூன்று பெரிய மனிதர்களின் கதையையும் சொல்ல வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். பிளஸ் டூ வகுப்பில் வெப்பக் கதிர்வீச்சு நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் ஸ்டீபன் விதி, அதன் கீழே வீன் விதி. கடைசி பெஞ்சில் ஒரு பையன். அவன் அப்பாவுக்குச் சாயப் பட்டறையில் கூலி வேலை. பட்டு நூலுக்குச் சாயம் போடக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்க வேண்டும். விடியற்காலையில் அப்பாவோடு போய் விறகு அடுப்பை மூட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். சட்டையில் புகை வாசனை இருக்கும். வகுப்பில் வாயே திறக்காத பையன் அன்று கையைத் தூக்கினான்.

"சார், எங்க பட்டறை அடுப்புல விறகுக் கரி, இரும்புக் கம்பி, உடைஞ்ச செங்கல் எல்லாம் கிடக்கும். நல்லா சூடு ஏறினா மூணும் ஒரே சிவப்பாத் தெரியுது. ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு நிறம் இருக்கு. சூட்டுக்கு மட்டும் ஏன் சார் எல்லாப் பொருளும் ஒரே நிறமாயிடுது?"

வகுப்பே சிரித்தது. நான் பலகையைக் காட்டி, "வீன் விதி இருக்கு பாரு, அதான் காரணம்" என்றேன்.

"அது எவ்வளவுன்னு சொல்லுது சார். ஏன்னு சொல்லலையே?"

எனக்குச் சுருக்கென்றது. "பப்ளிக்ல இது அஞ்சு மார்க்குக்கு வருமாடா? வராது. உக்காரு."

உட்கார்ந்தான். அந்த ஆண்டு முடியும்வரை என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. தேர்வில் தேறினான். பிறகு தறியில் உட்கார்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். படிப்பு நின்றதற்கு நான் காரணம் என்று சொல்ல முடியாது; வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அவன் கேட்பது நின்றதற்கு நான்தான் காரணம் என்று பல வருஷம் உறுத்தியது.

ஏன் அப்படி அதட்டினேன்? எனக்கு விடை தெரியவில்லை. அவ்வளவுதான். பிளாங்க் சூத்திரத்தைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். அது எதற்கு விடையாக வந்தது என்று யாரையும் கேட்டதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

பிறகுதான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பையன் கேட்டது இருபதாம் நூற்றாண்டு இயற்பியலையே பெற்றெடுத்த கேள்வி.

1792-இல் இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட் என்பவர் இதையே கவனித்து எழுதினார். அவர் யார் தெரியுமா? புகழ்பெற்ற பீங்கான் பாண்டத் தொழில் குடும்பத்துப் பிள்ளை. எந்தப் பொருளாக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் சிவக்கத் தொடங்குகிறது என்பது அவர் கண்டது. அங்கே சூளை, இங்கே சாயக் கொப்பரை அடுப்பு. நெருப்போடு பிழைக்கிறவர்கள் கண்ணுக்குத்தான் இது முதலில் படுகிறது. 1847-இல் அமெரிக்காவில் ஜான் டிரேப்பர் அந்த வெப்பநிலையை அளந்தார்: சுமார் 525 டிகிரி செல்சியஸ்.

"ஏன்" என்ற பக்கத்தைத் தொட்டவர் ஜெர்மனியின் குஸ்தாவ் கிர்க்காஃப். 1859, 1860 ஆண்டுகளில் அவர் வைத்த வாதம் எளிமையானது. எல்லாப் பக்கமும் மூடிய ஓர் அடுப்பு. உள்ளே எல்லாப் பொருளும் ஒரே சூட்டில் இருக்கின்றன. ஒரு பொருள் எந்த நிற ஒளியை எவ்வளவு விழுங்குகிறதோ, அதற்கு ஈடாகத்தான் அந்த நிற ஒளியை வெளியிட முடியும். இல்லாவிட்டால் சமமான சூட்டில் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று தானாகவே குளிரும், மற்றது தானாகவே சூடேறும். அது நடக்காது. கரி நன்றாக விழுங்கும். அதனால் நன்றாக ஒளிரும். பளபளப்பான உலோகம் கொஞ்சம்தான் ஒளிரும். ஆனால் பக்கத்திலிருக்கும் கரியின் ஒளியைத் திருப்பி அனுப்பிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். அடுப்புக்குள் பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சாயம் என்பது வெளியிலிருந்து விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கி மீதியைக் காட்டுவது. அது பொருளுக்குப் பொருள் மாறும். அடுப்பின் சிவப்பு சூட்டின் நிறம். பொருளின் நிறம் இல்லை.

சரி, அந்தச் சூட்டின் நிறம் ஏன் சிவப்பில் தொடங்குகிறது, ஏன் நீலத்தில் தொடங்கவில்லை? இங்கேதான் பழைய இயற்பியல் கையை விரித்தது. பழைய கணக்குப்படி அலைநீளம் குறையக் குறைய ஒளி கூடிக்கொண்டே போக வேண்டும். அடுப்பைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும் நீலமும் ஊதாவும் அதற்கு மேலும் கொட்ட வேண்டும். எந்த அடுப்பிலும் அப்படிக் கொட்டியதில்லை.

பெர்லினில் ஓர் அரசு ஆய்வகத்தில் விளக்குகளின் ஒளியைத் தரப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்காகச் சூடான உள்ளீடற்ற பெட்டிகளின் ஒளியை நிறம் நிறமாக அளந்தார்கள். அந்த அளவுகளுக்குப் பொருந்தும் சூத்திரத்தை 1900 அக்டோபரில் மாக்ஸ் பிளாங்க் கண்டுபிடித்தார். அதற்குக் காரணம் தேடி டிசம்பர் 14 அன்று சொன்ன விளக்கத்தில்தான், ஆற்றல் எந்த அளவிலும் கை மாறாது, குறிப்பிட்ட பொட்டலங்களாகத்தான் மாறும் என்ற எண்ணம் நுழைந்தது. சிவப்புப் பொட்டலம் சிறியது, நீலப் பொட்டலம் பெரியது. 1905-இல் ஐன்ஸ்டைன் ஒரு படி மேலே போய், ஒளியே அப்படிப்பட்ட துகள்களாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். முடியவில்லை. பிளாங்க் சூத்திரத்தை வருவித்த விதத்தில் ஓர் ஓட்டு இருந்தது. பாதிக் கணக்கு பழைய அலைக் கொள்கை, மீதிக் கணக்கு புதிய பொட்டலக் கொள்கை. நம் ஊர் பாஷையில் சொன்னால் பாவு ஒரு நூல், ஊடை வேறு நூல், நடுவில் முடிச்சு. சூத்திரம் சரியாக வேலை செய்ததால் பெரும்பாலோர் அந்த முடிச்சைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர்களில் ஒருவர், பாடம் நடத்திய ஓர் ஆசிரியர்.

சத்யேந்திரநாத் போஸ், 1894-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1921-இல் புதிதாகத் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். அதற்கு முன்பே அவரும் மேகநாத் சாகாவும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். கல்கத்தா பல்கலைக்கழகம் அதை 1920-இல் வெளியிட்டது. டாக்காவில் அவர் எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கதிர்வீச்சுக் கொள்கை நடத்தினார். பின்னாளில் அவரே சொன்னது இது: மாணவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டிய ஆசிரியர் என்ற முறையில்தான் இந்த முரண்பாடு தன்னை விடாமல் தொந்தரவு செய்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெரிய ஆய்வகம் இல்லை. வெளிநாட்டுப் பட்டம் இல்லை. முனைவர் பட்டம்கூட இல்லை. நாளைக் காலை வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். தனக்கே ஒட்டாத ஒன்றை அவர்களுக்கு எப்படி ஒட்டவைப்பது? அந்தக் கவலைதான் அவரிடம் இருந்த முதலீடு. அதே கவலை எனக்கும் வந்திருக்க வேண்டும். நான் "உக்காரு" என்றேன்.

போஸ் என்ன செய்தார்? எண்ணும் முறையை மாற்றினார். இதை என் திண்ணைப் பிள்ளைகளுக்குத் தறிச் சாமானை வைத்துத்தான் சொல்லுவேன்.

இரண்டு தார், இரண்டு தட்டு. தார் இரண்டையும் தட்டுகளில் எத்தனை விதமாக வைக்கலாம்? ஒன்று முருகன் சுற்றிய தார், இன்னொன்று வள்ளி சுற்றிய தார் என்று அடையாளம் இருந்தால் நாலு விதம்: இரண்டும் மேல்தட்டில், இரண்டும் கீழ்த்தட்டில், முருகன் மேலே வள்ளி கீழே, வள்ளி மேலே முருகன் கீழே. சரி, இரண்டு தாருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்றால்? கடைசி இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்றே விதம். அப்போது "இரண்டும் மேல்தட்டில்" என்பதற்கான வாய்ப்பு நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாகக் கூடிவிடுகிறது.

நிஜத் தாரில் எப்படியாவது ஓர் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஒளித்துகளில் முடியாது. அதற்குப் பெயர் சூட்டவே முடியாது. அப்படிப் பெயரில்லாத துகள்களாக எண்ணினால், பழைய அலைக் கொள்கையின் துணை இல்லாமலே பிளாங்க் சூத்திரம் முழுசாக வந்து நிற்கிறது. பாவும் ஊடையும் ஒரே நூல். முடிச்சு இல்லை.

கட்டுரையை முதலில் இங்கிலாந்தின் பிலசாபிக்கல் மேகசினுக்கு அனுப்பினார். அது அங்கே வெளியாகவில்லை. 1924 ஜூன் 4 அன்று நேராக ஐன்ஸ்டைனுக்கே கடிதம் எழுதி அதோடு அனுப்பிவைத்தார். முன்பின் அறிமுகம் கிடையாது. உங்கள் எழுத்து வழியாக நாங்கள் எல்லோரும் உங்கள் மாணவர்கள்தானே, அந்த உரிமையில் கேட்கிறேன் என்ற பொருளில் எழுதினார். முப்பது வயது டாக்கா வாத்தியாரின் கட்டுரையை ஐன்ஸ்டைன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இது முக்கியமான முன்னேற்றம் என்று ஒரு குறிப்பையும் சேர்த்து, அந்த ஆண்டே அங்குள்ள இதழில் வெளிவரச் செய்தார். அதோடு நிற்காமல் அந்த எண்ணும் முறையை வாயுக்களுக்கும் நீட்டினார். மிகக் குளிர்ந்த நிலையில் அணுக்கள் கூட்டமாக ஒரே தட்டில் போய்ச் சேர்ந்துவிடும் என்றது அந்தக் கணக்கு. 71 ஆண்டுகள் கழித்து, 1995-இல், அமெரிக்காவில் ஆய்வகத்திலேயே அதை உண்டாக்கிக் காட்டினார்கள். இந்த வகைத் துகள்களுக்குப் போசான் என்று பெயர். நோபல் பரிசு போஸுக்கு வரவில்லை. உலகத்திலுள்ள துகள்களில் ஒரு முழு ஜாதிக்கு ஒரு வாத்தியாரின் பெயர். எனக்கு அது போதும்.

இனி நம் ஆள் ஒருவர். 1928 டிசம்பரில் போஸ் இருந்த அதே டாக்கா இயற்பியல் துறைக்கு ரீடராக ஒரு தமிழர் போய்ச் சேர்ந்தார். கே.எஸ். கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தவர். அந்த 1928 பிப்ரவரியில் ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டவர்; நேச்சர் இதழுக்குப் போன முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருக்கின்றன. இது பலருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கதை.

கல்கத்தா போவதற்கு முன் அவர் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் ஆசிரியர் வரிசையில் கடைசிப் படி. அந்தக் கடைசிப் படியில் நின்றுகொண்டு அவர் ஒரு காரியம் செய்தார். மதிய உணவு இடைவேளையில் உட்கார்ந்துகொள்வார். யார் வேண்டுமானாலும் வரலாம்; இயற்பியல், வேதியியல், கணிதம், எதைப் பற்றியும் கேட்கலாம். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. பிள்ளைகள் கூடினார்கள். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் என் திண்ணை விதி பிறந்தது. சொந்தச் சரக்கு இல்லை, கடன் வாங்கியது.

1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார் கிருஷ்ணன். அந்தப் பெரிய நாற்காலியில் இருந்துகொண்டு 1950-களில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகளில் ஒன்று என்ன தெரியுமா? வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய கம்பியில், நடுவிலிருந்து முனைவரை வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்பது. பழுக்கக் காய்ந்த கம்பி! பட்டறை அடுப்பில் என் மாணவன் பார்த்த அதே இரும்புக் கம்பிக்கு உறவுக்காரக் கம்பி. பெரிய விஞ்ஞானிக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

மூன்றாவது கதையும் 1928-தான். இடம் சென்னை மாநிலக் கல்லூரி. ஜெர்மனியின் பெரிய பேராசிரியர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் பேச வந்தார். அவருடைய அணு அமைப்பு நூலைத் தானாகவே படித்து முடித்திருந்த மாணவர் ஒருவர், மறுநாள் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்க் கதவைத் தட்டினார். 18 வயது எஸ். சந்திரசேகர். சோமர்ஃபெல்ட் சொன்னது இடி மாதிரி விழுந்தது: நீ படித்த குவாண்டம் கொள்கை பழசாகிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். பையன் முகம் வாடியதைப் பார்த்திருப்பார்போல. உலோகத்திலுள்ள எலக்ட்ரான்களைப் பற்றித் தான் எழுதி, இன்னும் அச்சில் வராத கட்டுரையின் மெய்ப்புப் படிகளை எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கட்டுரையில் இருந்தது இன்னொரு வகை எண்ணும் முறை. தார், தட்டு உதாரணத்துக்கே வருவோம். எலக்ட்ரானும் பெயரில்லாத துகள்தான். ஆனால் ஒரு தட்டில் ஒன்றுக்கு மேல் உட்காராது. அப்படியானால் இரண்டு எலக்ட்ரானை இரண்டு தட்டில் வைக்க ஒரே விதம்தான்: மேலே ஒன்று, கீழே ஒன்று. ஃபெர்மி, டிராக் இருவரும் 1926-இல் கண்டது. சந்திரசேகர் அதைப் பிடித்துக்கொண்டு சில மாதங்களில் தன் கட்டுரையை எழுதினார். 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வந்தது. 1930-இல் கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியில், அதே எண்ணும் முறையை அணைந்துபோகும் நட்சத்திரங்களுக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே தட்டில் உட்கார மாட்டோம் என்று எலக்ட்ரான்கள் பிடிக்கும் அடம்தான் அந்த நட்சத்திரம் நொறுங்காமல் தாங்குகிறது. ஆனால் அந்த அடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை போனால் தாங்காது. அதுதான் சந்திரசேகர் எல்லை.

கதையின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் வானியலாளர் கூட்டத்தில் இதை அவர் விளக்கினார். அடுத்து எழுந்தவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளர் எடிங்டன். நட்சத்திரம் இப்படியெல்லாம் நடந்துகொள்ளாது என்று கேலி செய்தார். சபை சிரித்தது. சந்திரசேகர் மனம் நொந்தார். சில ஆண்டுகளில், அதுவரை செய்ததை ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். நோபல் பரிசு வந்தபோது ஆண்டு 1983.

ஒருவர் மெய்ப்புப் படியைக் கையில் கொடுத்தார். ஒருவர் சிரித்தார். இருவருமே மேதைகள்தான். படிப்பு அதிகமாக இருந்தால் கேள்வியை மதித்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

இப்போது செவிலிமேட்டுக்குத் திரும்புகிறேன்.

போன மாதம் திண்ணைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பதினொன்றாம் வகுப்பு. "கேள்வி இருக்காம்மா?" என்றேன். நோட்டைப் பிரித்துப் படித்தாள்: "விறகு சிவப்பா எரியுது, கேஸ் அடுப்பு நீலமா எரியுது. சூடு ஏற ஏறத்தான் நிறம் நீலத்துப் பக்கம் போகும்னா, கேஸ் அடுப்பு நட்சத்திரம் அளவுக்குச் சூடா?"

அசந்துபோனேன். "யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"எங்க அப்பா சார். கேட்டுட்டு வரச் சொன்னாரு. அவரு எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு."

அப்பா யார் என்று விசாரித்தேன். உங்களுக்குப் புரிந்திருக்கும். எட்டு மணிக்கு மகளை அழைத்துப் போக வண்டியில் வந்தவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். தலையில் பாதி நரை. உள்ளே கூப்பிட்டேன். "பரவாயில்ல சார்" என்று தயங்கினார். கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்தேன்.

"பட்டறை அடுப்புல மூணும் ஏன் ஒரே சிவப்புன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"அத இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா சார்?" என்று சிரித்தார். நீங்க இன்னும் பதில் சொல்லலையே என்று நான்தான் அந்தச் சிரிப்பைப் படித்தேன்.

"அன்னிக்கு எனக்குப் பதில் தெரியாது. அதான் அதட்டினேன். தப்பு என்மேல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிர்க்காஃபின் மூடிய அடுப்பைச் சொன்னேன். கேஸ் அடுப்பைப் பற்றியும் சொன்னேன். அந்த நீலம் சூட்டின் நிறம் இல்லை. வாயு எரியும்போது உடைந்து உருவாகும் மூலக்கூறுகள் வெளியிடும், அவற்றுக்கே உரிய நிறம். "அப்ப அது சாயம் மாதிரி, விறகுக் கரி சூடு மாதிரி" என்றார் சட்டென்று. ஆமாம் என்றேன். ஆனால் அவர் விடவில்லை. "சரி சார், சூட்டோட நிறம் ஏன் சிவப்புல ஆரம்பிக்குது?"

ஆயிரம் கெல்வின் சூட்டில், அதாவது எழுநூறு டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே, அணுக்களிடம் சராசரியாகப் புரளும் ஆற்றலைப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிவப்பு ஒளிப் பொட்டலத்தின் விலை சுமார் இருநூறு, நீலத்தின் விலை சுமார் முந்நூற்று இருபது என்றேன். பொட்டலத்தை உடைத்துத் தர மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம வேலை மாதிரிதான் சார். முழம் போட்டு அறுத்துக் குடுக்க மாட்டோம், முழுப் புடவையாத்தான் எடுக்கணும். பத்து ரூபா புழங்குற தெருவுல எவன்கிட்டயாவது அதிர்ஷ்டத்துல இருநூறு சேரும். முந்நூத்தி இருபது சேர்றவன் எங்க இருக்கான்? சில்லறை இருக்கறவன் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத துண்டு துணிதான் வாங்குவான்."

நண்பர்களே, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டு துணிதான் அகச்சிவப்புக் கதிர். அடுப்பின் முன் நிற்கும்போது கன்னத்தில் உறைக்கும் அனல். அந்தச் சூட்டில் பெரும்பங்கு ஒளி அப்படித்தான் போகிறது. சிவப்புப் பொட்டலம் கிடைக்கும் வாய்ப்போடு ஒப்பிட்டால் நீலத்தின் வாய்ப்பு பத்தாயிரங்களில் ஒரு பங்கு. இதை முப்பது வருஷம் வகுப்பெடுத்த நான் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. மறுநாள் பிள்ளைகளுக்கு அவருடைய புடவை உதாரணத்தைத்தான் சொன்னேன். அவர் சொன்னது என்றும் சொன்னேன்.

அவர் கேட்பதை நான் நிறுத்திவிட்டதாக இத்தனை காலம் நினைத்திருந்தேன். என்னிடம் கேட்பதை மட்டும்தான் நிறுத்தியிருந்தார். நஷ்டம் எனக்குத்தான் அதிகம் போலிருக்கிறது.

கடைசியாக ஒன்று. என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் சாலைக்கிணறு. ராமானுஜர் கதையோடு சேர்ந்த கிணறு என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் படித்த காலத்தில், குரு சொன்ன பொருளை மாணவர் ராமானுஜர் மறுத்தார். குருவால் அதைத் தாங்க முடியவில்லை. காசி யாத்திரை என்று அழைத்துப்போய் வழியில் தீர்த்துக்கட்ட நினைத்தார். விந்தியக் காட்டில் செய்தி தெரிந்து தப்பித்த ராமானுஜரை ஒரு வேடத் தம்பதி வழிகாட்டிக் கூட்டிவந்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்கள். இந்தக் கிணற்றில் மொண்டு கொடுத்துத் திரும்பிப் பார்த்தால் அவர்களைக் காணோம், எதிரே காஞ்சி. வரதராஜரும் தாயாருமே வேடராக வந்தார்கள் என்பது மரபுக் கதை.

சின்ன வயதில் இந்தக் கதையில் வேடனும் வேடுவச்சியும்தான் பிடிக்கும். இந்த வயதில் யாதவப்பிரகாசரின் முடிவுதான் பிடிக்கிறது. முதுமையில் அவர் தன் மாணவரான ராமானுஜரிடமே சீடராகச் சேர்ந்தார் என்று அதே மரபு சொல்கிறது. கோவிந்த ஜீயர் என்ற புதுப் பெயரும் பெற்றாராம். கேள்வி கேட்டவனை ஒழிக்க நினைத்தவர் கடைசியில் அவன் எதிரே கைகட்டி உட்கார்ந்தார்.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். விடை தெரியாத கேள்வி வந்தால், "தெரியலப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். ஐந்து சொல்கூட இல்லை. அதை நான் சொல்ல முப்பது வருஷம் ஆனது.

உங்களிடமும் அப்படி ஒரு பழைய கேள்வி பாக்கி இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் திண்ணையில் கேட்டுச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது அவரும் வருகிறார்.